பழம் பார்க்கத் தெரியாதவன்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய நாள் முதல் நண்பர்கள் எல்லாரும் தலைப்புத் தேடி அலைந்தார்கள். ஒருவன் விண்வெளியை எடுத்துக்கொண்டான். ஒருத்தி பெண்கல்வியை எடுத்துக்கொண்டாள். இன்னொருவன் பாரதியை எடுத்துக்கொண்டான். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பாரதியை எடுத்துக்கொள்கிறார். நான் மலர்ப் பொறுப்பிலிருந்த பேராசிரியரிடம் போய், "ஆரஞ்சுப் பழம் பார்த்து வாங்குவது பற்றி எழுதலாமா, ஐயா?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதில் எழுத என்ன இருக்கிறது? பணம் கொடுத்தால் பழம் வருகிறது" என்றார். "அது அவ்வளவு எளிதன்று, ஐயா" என்றேன். "சரி, எழுதித் தா, பார்க்கலாம்" என்றார்.

நான் எழுதுவதற்குப் பழம் மட்டும் காரணமன்று. வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல நா எழவில்லை. முதலில் பழத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

என் ஊர் நெமிலிச்சேரி. ஆவடியைத் தாண்டி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் கடந்து, திருநின்றவூருக்கு முன்னால் மின்சார ரயில் அரை நிமிடம் நின்று போகும் நிறுத்தம். நம் கல்லூரியில் "உன் ஊர் எது?" என்று கேட்பவர்களிடம் பெயரைச் சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்ற அடுத்த கேள்விக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் வண்டலூரிலிருந்து எங்கள் ஊர் வரை வெளிவட்டச் சாலை திறக்கப்பட்டது. பின்னர் அது மீஞ்சூர் வரை நீண்டது. அதன் பிறகுதான் பெயர்ப்பலகைகளில் எங்கள் ஊர் இடம்பெற்றது. சாலை வந்தது, மனைக்கற்கள் வந்தன, மனைகளில் வீடுகள் வந்தன, வீடுகள் பெருகியதும் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் வந்தது. குளிர்பதனம் செய்த கடை. கதவைத் தள்ளினாலே முகத்தில் குளிர்காற்று அடிக்கும். காய்கறி ஒரு பக்கம், கனி ஒரு பக்கம். கனிகளின் மேலே மஞ்சள் விளக்கு. அந்த விளக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் ஆயா பழக்காரி. அம்மாவைப் பெற்றவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கூடை சுமந்தவள். அவள் தொழிலைத் தொடங்கியபோது சென்னைக்குப் பழச்சந்தை கொத்தவால்சாவடியில் இருந்தது. முதல் ரயிலைப் பிடித்துச் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து நடந்தே சாவடிக்குப் போவாள். 1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தபோது அவளுடைய வழியும் மாறியது. ரயில் போய்ப் பேருந்து வந்தது. ஆனால் சும்மாடும் கூடையும் மாறவில்லை. மண்டியில் பெட்டியாக எடுத்து, ஆவடியில் சாலையோரம் சாக்கு விரித்து, கூறு கட்டி விற்பாள். தொழிற்சாலை விடும் நேரம் அவளுக்கு நல்ல வியாபாரம். சம்பள நாளென்றால் இரண்டு கூடையும் காலியாகிவிடும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள்தாம் கமலா ஆரஞ்சை அதிகம் வாங்குவார்களாம். நம் ஊர் வழக்கம் அது. ஒரு கையில் ஆர்லிக்ஸ் பாட்டில், மறு கையில் அரை டஜன் கமலா. அதனால் ஆயா பழத்தை எடுக்குமுன், "யாருக்கு?" என்று கேட்பாள். காய்ச்சல் கண்டு நாக்குச் செத்துப் போனவருக்கென்றால் சற்றுப் புளிப்புள்ளதாகக் கொடுப்பாள். பிள்ளையுண்டான பெண்ணுக்கென்றால் இன்னும் கொஞ்சம் புளிப்பாக. குழந்தைக்கென்றால் தேடித்தேடி இனிப்பாக எடுப்பாள். எந்தப் பழம் எப்படி இருக்கும் என்று உரிக்காமலே எப்படித் தெரியும் என்று சிறுவனாக இருந்தபோது நான் வியந்திருக்கிறேன். கொஞ்ச நாள் அவளுக்கு மந்திரம் தெரியும் என்றுகூட நம்பினேன்.

ஆயா எனக்குப் பழம் பார்க்கக் கற்றுக் கொடுத்தாள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவள் எதையும் பாடமாகச் சொன்னதில்லை. கூடையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் காதில் விழுந்தவைதாம் எல்லாம். அவற்றுள் முதன்மையானது எடை. ஒரே பருமனுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். எது கனக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். இப்படியே நாலைந்து தடவை செய்தால் கையில் நல்ல பழம் தங்கிவிடும். "தராசு பொய் சொல்லும், கை பொய் சொல்லாது" என்பாள். பழம் கனப்பது சாற்றினால். சாறு வற்றிச் சக்கையானது கையில் நிற்கும்போதே காற்றடைத்த பந்து போலத் தெரியும்.

அடுத்தது தோல். கமலா ஆரஞ்சின் தோல் இயல்பாகவே சுளையை ஒட்டாமல் இருப்பது. விரல் நுழைத்தால் கழன்று வரும். அது குற்றமன்று. ஆனால் அழுத்தினால் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெற்றிடம் தட்டுப்படும்படி ஊதிக் கிடந்தால், அது மரத்தில் நாள் கடந்து நின்ற பழம். உள்ளே சுளை மணல் மணலாக இருக்கும். சாத்துக்குடிக்கு இது பொருந்தாது. அதன் தோல் இறுக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். காம்பைப் பார்ப்பாள். காம்புக்குமிழ் பச்சையாக ஒட்டியிருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. கறுத்து உதிர்ந்திருந்தால் பழம் நெடுநாள் பயணம் செய்திருக்கிறது. மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பாள். குளிர்ந்த பழத்தில் மணம் வராது. ஆகவே விடியற்காலையில் மோந்து பார்ப்பவனைப் பார்த்துச் சிரிப்பாள்.

இவ்வளவு பார்ப்பவள், நிறத்தை மட்டும் பார்க்க மாட்டாள். நிறம் கேட்டு வருகிறவர்களுக்கு நிறத்தைக் கொடுத்துவிடுவாள். "செவப்பா இருக்கறதைக் குடு ஆயா" என்பார்கள். "எடுத்துக்கோ கண்ணு" என்று கூறின் மேலேயிருந்து செக்கச் செவேலென்றவற்றை எடுத்துத் தருவாள். அவர்கள் போனபின், பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்தாற்போல் கிடக்கும் ஒன்றை எடுத்து எனக்கு உரித்துத் தருவாள். அது தேனாக இனிக்கும். அவர்களை ஏமாற்றிவிட்டாளா என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க கேட்டதைத்தானே குடுத்தேன்?" என்றாள்.

சின்ன வயதில் நான் செய்த ஒரு மூடத்தனத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் பழுக்கும் அல்லவா? ஒரு புளித்த கமலா ஆரஞ்சை அவ்வாறே அரிசிக்குள் புதைத்து வைத்தேன். மூன்று நாள் கழித்து எடுத்துத் தின்றேன். அதே புளிப்பு! இன்னும் நான்கு நாள் வைத்தேன். தோல் சுருங்கியது, புளிப்பு சுருங்கவில்லை. ஆயா பார்த்துவிட்டு, "இது மாங்காயா? மரத்துல ஏறாத இனிப்பு பானையில ஏறுமா?" என்று தலையில் குட்டினாள்.

அந்தக் குட்டின் பொருள் தாவரவியல் வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மா, வாழை போன்ற கனிகள் மரத்திலிருந்து பறித்த பின்னும் பழுக்கும். அவற்றுள் மாவுப்பொருள் சேமிப்பாக இருக்கிறது. அது சர்க்கரையாக மாறுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை போன்றவை அப்படியல்ல. ஆரஞ்சில் மாவுச் சேமிப்பு இல்லை. மரம் இலை வழியாகச் செய்து அனுப்பிய சர்க்கரை எவ்வளவோ அவ்வளவே. காம்பை வெட்டியவுடன் கணக்கு முடிந்தது. கடையில் கிடக்கும் நாட்களில் அது வாடலாம், அழுகலாம். இனிப்பு மட்டும் ஏறாது.

நிறத்தின் கதை அதைவிட வியப்பானது. ஆரஞ்சின் தோல் பச்சையத்தை இழந்து செம்மஞ்சளாவதற்கு இரவுக் குளிர் தூண்டுதலாக இருக்கிறது. குளிர்காலமுள்ள நாடுகளில் பழம் முதிரும் பருவமும் குளிர் வரும் பருவமும் பொருந்தி வருவதால், நிறம் முதிர்ச்சியின் அடையாளமாகிவிட்டது. வெப்ப நாட்டில் உள்ளே முற்றும் பழுத்த பின்னும் தோல் பச்சையாகவே நிற்கும். குடகு ஆரஞ்சு பச்சை கலந்த மஞ்சளாகத்தான் இருக்கும். கீழ்ப் பழனி மலைகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளைந்த கமலாவும் அப்படித்தான்; பசுமையாதல் என்னும் நோயும் டிரிஸ்டீசா என்னும் வைரசும் தாக்கியதால் அந்தத் தோட்டங்கள் பல அழிந்தன என்பது வருந்தத்தக்க செய்தி. வணிகர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பச்சைத் தோலுள்ள ஆரஞ்சுகளை அறையில் அடைத்து எத்திலீன் வாயுவைச் செலுத்துகிறார்கள். தோலிலுள்ள பச்சையம் சிதைந்து செம்மஞ்சள் தெரிகிறது. உள்ளே ஒரு துளி இனிப்பும் கூடுவதில்லை. மேற்கொண்டு மெழுகு பூசினால் பளபளப்பு. மேலே மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்னும் அழகு. அந்த விளக்கைத்தான் முன்னே சொன்னேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சென்ற தை மாதம். பகுதிநேர வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளம். ஒரு மருந்துக் கடையில் மாலை நேரத்தில் கணக்கெழுதுகிறேன். ஆயாவுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று கேட்டேன். "புதுசா ஒரு கடை வந்துருக்குதாமே, கண்ணாடி போட்ட கடை. அதுல இன்னாதான் விக்கிறாங்கன்னு காட்டு" என்றாள். கூட்டிப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்ற முனைந்தாள். "வேணாம் ஆயா, போட்டுக்கிட்டே வா" என்றேன். உள்ளே போனதும் குளிருக்கு முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கனிகளின் பக்கம் போனதும் நின்றுவிட்டாள். நாக்பூர்க் கமலா ஒரு தட்டில். அதன் பக்கத்திலேயே அயல்நாட்டு ஆரஞ்சு, ஒவ்வொன்றிலும் சிறு ஒட்டுச்சீட்டு. விலை இரண்டு மடங்குக்கு மேல். நான் அயல்நாட்டுப் பழத்தின் பக்கம் கையை நீட்டினேன். முதல் சம்பளம் அல்லவா? அதற்கு உயர்ந்த பழம்தான் வாங்க வேண்டும் என்று எண்ணம். ஒட்டுச்சீட்டிலிருந்த எண்ணைக் காட்டி, "இது தரமான பழம்னு நம்பர் போட்டிருக்கு ஆயா" என்று அளந்துவிட்டேன். அது பொய் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த நான்கு இலக்க எண், பில் போடும் இடத்தில் பழத்தின் வகையையும் அளவையும் அடையாளம் காண்பதற்கு. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை வேளாண்மையில் விளைந்தது. தரத்தைச் சொல்லும் எண் அன்று அது. இனிப்பைச் சொல்லும் எண்ணோ அங்கே அறவே இல்லை.

ஆயா என் பேச்சைக் கேட்கவில்லை. நாக்பூர்ப் பழங்கள் குவிந்த தட்டு மேலே இருந்தது. கீழே தரையில் இன்னும் அடுக்காத பிளாஸ்டிக் கூடை ஒன்று. ஆயா அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். இரு கைகளிலும் பழத்தை எடுத்துத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினாள். கனமானது இந்தப் பக்கம், கனமில்லாதது அந்தப் பக்கம். கனமானவற்றை வழவழவென்றிருந்த அந்தத் தரையில் கீழே நான்கு, மேலே ஒன்று என்று அடுக்கினாள். ஒரு கூறு. அடுத்த கூறு. மூன்றாவது கூறு. அவள் வாங்க வந்ததை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். முட்டிவலி வந்து தொழிலை விட்டு எத்தனையோ ஆண்டாகிறது. ஆனால் கைகள் எதையும் மறக்கவில்லை.

கடை ஊழியப் பையன் ஒருவன் ஓடிவந்தான். என்னைவிட இளையவன். "ஆயா, இன்னா பண்றீங்க? எல்லாத்தையும் கலைக்காதீங்க. எந்திரிங்க" என்றான். அவன் கடுமையாகப் பேசவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். மேற்பார்வையாளர் பார்த்தால் திட்டு அவனுக்குத்தான். அங்கே நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுள் இருவர் என் வகுப்புத் தோழர்கள். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடியே அருகில் வந்தார்கள். ஒருவன் ஆயாவைக் கண்ணால் காட்டி, "யார்ரா அது?" என்று கேட்டான்.

"பக்கத்து வீட்டு ஆயா" என்றேன்.

நண்பர்களே, இந்த மூன்று சொற்களை எழுதுவதற்குத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தத் தோழர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவனாவது குனிந்து பழம் பொறுக்கியிருப்பான். இவையெல்லாம் பின்னால் வந்த யோசனை. அந்தக் கணத்தில் வாய் முந்திக்கொண்டது.

ஆயா கேட்டாள். கேட்டாள் என்பது அவள் கை நின்றதில் தெரிந்தது. நாலாவது கூறில் மேலே வைக்க வேண்டிய பழம் கையிலேயே இருந்தது. பிறகு அதைக் கூடைக்குள் போட்டாள். அடுக்கிய கூறுகளையும் ஒவ்வொன்றாகக் கூடைக்குள் எடுத்து வைத்தாள். ஊழியப் பையனிடம், "கோச்சுக்காத கண்ணு" என்று சொல்லிக் கையை ஊன்றி எழுந்தாள். தான் பொறுக்கியவற்றுள் ஐந்தை மட்டும் ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் அயல்நாட்டுப் பழம் நாலும் அந்த ஐந்துமாகப் பில் போட்டு வெளியே வந்தபோது அவள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். வீடு வரையில் ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்று இரவு அயல்நாட்டுப் பழத்தைக் குறுக்கே வெட்டினேன். அடியில் தொப்புள் போல ஒரு குழி. அதற்குள் ஒரு குட்டிப் பழம். இந்த வகைக்கு நேவல் என்று பெயர். பிரேசில் நாட்டின் பாகியாப் பகுதியிலிருந்து 1870இல் வாஷிங்டனுக்குக் கன்றுகள் போயின. அங்கிருந்து கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்தில் எலைசா திபெட்ஸ் என்ற பெண்மணிக்கு 1873இல் கன்றுகள் கிடைத்தன. இந்தப் பழத்தில் விதை இல்லை. ஆகவே ஒட்டுக்கட்டியே பெருக்கினார்கள். கலிபோர்னியாவின் நேவல் தோட்டங்களுக்கெல்லாம் அவையே தாய். அத்தாய் மரங்களில் ஒன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இவ்வளவு பெருமையுள்ள பழம் எங்கள் வீட்டுத் தட்டில் புளித்தது! அது பழத்தின் குற்றமாக இராது. எத்தனை நாள் கப்பலில் வந்ததோ, எந்தப் பருவத்தில் பறித்ததோ. ஆயா எடுத்த ஐந்தில் நான்கு இனித்தன. ஒன்று புளித்தது. வேறு நாளாயிருந்தால், "பத்துல ஒண்ணு ஏமாத்தும்டா, அதுதான் பழம்" என்று சொல்லியிருப்பாள். அன்று சொல்லவில்லை.

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. துணிவில்லாதவன் என்ன செய்வான்? ஆராய்ச்சி செய்வான். எங்கள் துறைப் பேராசிரியரிடம் கெஞ்சிக் கைக்கடக்கமான பிரிக்ஸ் மானியை ஒரு பிற்பகல் மட்டும் வாங்கினேன். சாற்றில் ஒரு துளியை அதன் கண்ணாடி மேல் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், கரைந்துள்ள சர்க்கரையின் அளவு தெரியும். ஆயாவிடம் பழம் பொறுக்கித் தரச் சொன்னேன். கொத்தவால்சாவடியில் பெட்டி பார்ப்பது போலவே பார்த்துத் தந்தாள். நானும் நிறம் பார்த்துச் சில பழங்களை எடுத்தேன். ஆயாவின் கை வெல்லும், கருவி அதற்குச் சான்று சொல்லும், அந்தச் சான்றை அவள் முன்னே வைத்துவிட்டால் பேச்சுத் தொடங்கிவிடும் என்பது என் திட்டம்.

கருவி என் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. பெரும்பாலும் ஆயாவின் பழம்தான் இனித்தது. ஆனால் ஓரிடத்தில் என் பழத்தின் அளவு அவள் பழத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது. வாயில் போட்டுப் பார்த்தால் அவளுடையது இனிக்கிறது, என்னுடையது புளிக்கிறது! பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். நாக்கு அறியும் இனிப்பு சர்க்கரையால் மட்டும் வருவதன்று. சர்க்கரைக்கும் புளிப்பு அமிலத்துக்கும் உள்ள விகிதம் அது. மரத்தில் நாளாக ஆகச் சர்க்கரை மெல்ல ஏறும், அமிலம் மெல்ல இறங்கும். பருவத்தின் தொடக்கத்தில் அவசரப்பட்டுப் பறித்த பழத்தில் சர்க்கரை போதுமான அளவு இருந்தும் அமிலம் இறங்காமல் நிற்கும். பிரிக்ஸ் மானிக்கு அமிலம் தெரியாது. "உங்கள் ஆயாவுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார். அவளுக்கு விகிதமெல்லாம் தெரியாது. பருவம் தெரியும். எந்த மாதத்துப் பெட்டி எப்படி இருக்கும் என்று தெரியும்.

அன்று பேராசிரியர் மேலும் இரண்டு செய்திகளைச் சொன்னார். மரத்தின் வெளிப்புறத்தில், வெயில் படும் கிளைகளில் காய்த்த பழம், உட்கிளையில் நிழலில் காய்த்ததைவிட இனிப்பாக இருக்கும். கிளையிலும் முள்ளிலும் காற்று உரசிப் பழத்தின் மேல் பழுப்பு வடு விழுகிறது. அந்த வடு தோலோடு சரி, சுளையைத் தொடுவதில்லை. கடைகளில் வடு விழுந்தவற்றை ஒதுக்குகிறார்கள். ஆயா அவற்றை ஒதுக்கியதே இல்லை. இரண்டாவது செய்தி: ஒரே பழத்திலும் காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு. இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. சாத்துக்குடியை ஆயா குறுக்கே வெட்டும்போதெல்லாம் காம்புள்ள பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, அடிப்பாதியை எனக்குத் தருவாள். சின்ன வயது முதல் அப்படித்தான். காம்பைத் தள்ளிவிட்டுத் தருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இவற்றையெல்லாம் வீட்டில் வந்து சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "இதைப் படிக்கத்தான் காலேஜு போறியா?" என்றாள். நாரத்தை என்னும் நம் சொல்லோடு உறவுடைய சொல்தான் வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகத்தில் நாரங் ஆகி, அரபு வழியாக ஐரோப்பா போய் ஆரஞ்சு என்று திரும்பி வந்தது என்றும், அந்த மூலம் திராவிட மொழியாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகிறார்கள் என்றும் சொன்னேன். "போனது திரும்பி வந்துச்சே, அது போதும்" என்றாள். அதில் உள்பொருள் ஏதேனும் இருந்ததா என்று இரவெல்லாம் புரண்டேன். ஒன்றும் இருந்திராது, அவள் அப்படிப் பேசுகிறவள் அல்லள்.

அதன் பிறகு அவள் அந்தக் கடைக்கு வரவில்லை. கூப்பிட்டால் முட்டிவலி என்கிறாள். முட்டிவலி உண்மைதான். ஞாயிறுதோறும் நான் போகிறேன். மஞ்சள் விளக்குக்குக் கீழே நின்று, இரு கைகளிலும் பழத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். முதலில் சில வாரங்கள் வெட்கமாக இருந்தது. ஊழியப் பையன் இப்போது என்னை அடையாளம் கண்டுகொள்கிறான். ஒருநாள் தானாகவே, "அந்த ஆயா வரலியா?" என்று கேட்டான். "எங்க ஆயாவுக்கு முட்டிவலி" என்றேன். அவன் வியப்பாக ஒன்றும் பார்க்கவில்லை. அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். அந்த இரு தோழர்களும் இம்மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கு நான் நேரில் சொல்லவில்லை; இதோ இங்கே சொல்லிவிட்டேன். அவள் என் ஆயா. என் அம்மாவைப் பெற்றவள். ஆவடியில் சாக்கு விரித்துப் பழம் விற்றவள்.

வீட்டுக்குப் பழம் வந்ததும் ஆயா பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, தேறாதவற்றை ஒதுக்கி வைப்பாள். முதல் வாரம் ஆறில் நாலை ஒதுக்கினாள். போன வாரம் ஆறில் இரண்டு. நல்லதென்றும் சொல்லமாட்டாள், கெட்டதென்றும் சொல்லமாட்டாள்.

போன வாரம் பார்த்து முடித்ததும், நாலு பழத்தை முறத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு ஆயாவுக்கு ஒண்ணு உரிச்சுக் குடு" என்று கையை நீட்டினாள்.

எங்கள் பக்கத்து வீட்டில் வயதானவர் எவரும் இல்லை. நான் ஒரு பழத்தை எடுத்து உரித்து, நாரெல்லாம் நீக்கி, சுளைகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஒன்றை வாயில் போட்டுச் சற்று நேரம் மென்றாள்.

"கொஞ்சம் புளிப்புதான்" என்றாள்.